‘எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்லை!’

‘‘சாப்பாட்டுல இன்ட்ரஸ்டே இல்லை டாக்டர். தட்டைப் பார்த்தாலே குமட்டுது!’’

‘‘என் பையனுக்குப் படிப்புல இன்ட்ரஸ்ட் கிடையாது. எப்பப் பாரு கிரிக்கெட்தான்!’’

‘‘வந்து பெண் பார்த்துட்டுப் போனாங்க. பத்து நாளாச்சு, பதிலே காணோம். இன்ட்ரஸ்ட் இல்லை போலிருக்கு!’’

‘‘முன்னெல்லாம் மார்கழின்னா நாலரை மணிக்கே எழுந்து வாசலை அடைச்சுக் கோலம் போடுவேன். இப்ப எதுலயும் இன்ட்ரஸ்ட் வரமாட்டேங்குது...’’

நான்கு பேர். நான்கு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. ஆனால் நான்கு பேருக்கும் பிரச்னை ஒன்றுதானா?

முதல் ஆசாமிக்கு மஞ்சள்காமாலையா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டாவது பையனுக்கு ஒரு வியாதியும் இல்லை; மைதானத்தில் அவன் புலி! மூன்றாவது விஷயத்தில் டாக்டருக்கு வேலையே கிடையாது. தரகரைத்தான் கேட்க வேண்டும். நான்காவதாகப் பேசினாரே ஒரு அம்மா... அவரைத்தான் நாம் உட்கார வைத்து, நிதானமாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ‘‘வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்!’’ என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிடுகிறோம்.

‘இன்ட்ரஸ்ட்’ என்ற இந்தச் சின்ன இங்கிலீஷ் வார்த்தை நம் தமிழில் எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. படித்தவர், படிக்காதவர், பட்டணம், கிராமம் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. புழங்கட்டும், தப்பில்லை. ஆனால், இந்த ஒரு வார்த்தைக்குள் ஏழெட்டு அர்த்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது. எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தால், வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கும் நோயைக்கூட முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்!

வட்டிக்கும் ஆர்வத்துக்கும் என்ன உறவு?

முதலில் வார்த்தையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி. பேங்க் பாஸ்புக்கில் இருப்பதும் அதே வார்த்தைதான். ‘‘எனக்கு மியூசிக்ல இன்ட்ரஸ்ட்’’ என்பதும் அதே வார்த்தைதான். இது எப்படி?

இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘இன்டர்’ என்றால் ‘இடையில்’. ‘எஸ்ஸே’ என்றால் ‘இருப்பது’. இரண்டும் சேர்ந்து ‘இன்டரெஸ்ஸே’. அதாவது இடையில் இருப்பது, சம்பந்தப்பட்டிருப்பது, முக்கியமாக இருப்பது. அந்தக் கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதை சர்ச் தடை செய்திருந்தது. ஆனால், கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்ப வராமல் நஷ்டம் ஏற்பட்டால், அதற்கு ஈடு கேட்கலாம். அந்த ஈட்டுத் தொகைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அதுவே நாளடைவில் வட்டிக்குப் பெயராகிவிட்டது. மனசின் ஆர்வத்தைக் குறிக்க இங்கிலீஷில் இந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 18-ம் நூற்றாண்டில்தான்!

யோசித்துப் பார்த்தால் ரொம்பப் பொருத்தமான பெயர். எனக்கும் ஒரு பொருளுக்கும் ‘இடையில்’ ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிறுதான் இன்ட்ரஸ்ட். கயிறு அறுந்தால்? பொருள் அங்கேயே இருக்கும். நானும் இங்கேயே இருப்பேன். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும். வாசல் இருக்கிறது, கோலமாவு இருக்கிறது, கையும் இருக்கிறது... கோலம்தான் இல்லை!

தமிழில் இதற்கு எத்தனை வார்த்தைகள்! ஆர்வம், ஆசை, விருப்பம், நாட்டம், ஈடுபாடு, அக்கறை, ஊக்கம், உற்சாகம்... இவை ஒவ்வொன்றும் தனித்தனி. ஆசை வேறு, அக்கறை வேறு. ஊக்கம் வேறு, ஈடுபாடு வேறு. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘இன்ட்ரஸ்ட்’ என்று லேபிள் ஒட்டிவிட்டோம். அதனால்தான் ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், மூட்டைக்குள்ளிருந்து எது காணாமல் போனது என்று நமக்குத் தெரிவதில்லை.

வாருங்கள், மூட்டையை அவிழ்ப்போம்.

1. ‘பிடிக்கலை’ என்கிற இன்ட்ரஸ்ட் இல்லை

இது நோயே இல்லை. பையனுக்குக் கணக்கு பிடிக்கவில்லை; படம் வரைவது பிடிக்கிறது. மருமகளுக்கு சீரியல் பிடிக்கவில்லை, பாட்டு பிடிக்கிறது. மனிதர் என்றால் விருப்பு வெறுப்பு இருக்கத்தான் செய்யும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்கம் கதவு மூடியிருந்தாலும் இன்னொரு பக்கம் திறந்திருக்கும். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிற பையன், ‘மேட்ச்’ என்றதும் துள்ளி எழுகிறானா? கவலையை விடுங்கள். அவனை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டாம். கணக்கு வாத்தியாரிடம் பேசினால் போதும்.

ஆனால் அதே பையன் கிரிக்கெட்டுக்கும் போகாமல், கூட்டாளிகள் வந்து கூப்பிட்டாலும் ‘‘நான் வரலைடா’’ என்று அறைக்குள்ளேயே கிடந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான் என்றால் விஷயம் வேறு. வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வெளிப்படுவது அதிகம். ‘திமிர்’ என்று நினைத்து நாம் நாலு சாத்து சாத்தினால் அது இன்னும் மோசமாகும்.

2. ‘தெம்பு இல்லை’ என்கிற இன்ட்ரஸ்ட் இல்லை

‘‘செய்யணும்னு ஆசையாத்தான் இருக்கு. எழுந்து நின்னா கால் துவளுது. அப்புறம் இன்ட்ரஸ்டே போயிடுது.’’

ஆசை இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. இப்படிச் சொல்பவருக்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை; அறிவுரை அல்ல!

முதல் சந்தேகம் ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, இரண்டு பெண்கள் சேர்ந்து நின்றால் ஒருவருக்கு நிச்சயம் என்கிற கணக்கு! கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஆண்களுக்கு 13. படி ஏறினால் மூச்சிரைப்பு, படபடப்பு, நகமும் கண்ணின் உள்பக்கமும் வெளுத்துப் போவது ஆகியவை அடையாளங்கள்.

அடுத்தது தைராய்டு. கழுத்தில் இருக்கிற இந்தச் சுரப்பி சோம்பிவிட்டால் மொத்த உடம்பும் சோம்பிவிடும். சாப்பாடு அதே அளவுதான், எடை மட்டும் ஏறும். மற்றவர்களுக்கு வேர்க்கும், இவருக்குக் குளிரும். மலச்சிக்கல், முடி கொட்டுதல், தடித்த குரல், மாதவிலக்குக் கோளாறு என்று வரிசையாக வரும். கூடவே ‘எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்லை’ என்பதும் வரும்! டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்குத் தினமும் ஒரு சிறிய மாத்திரைதான் சிகிச்சை.

வைட்டமின் பி-12 குறைவாக இருந்தாலும் அசதி, மறதி, கை கால் மரத்துப்போதல் வரலாம். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் ஆளைத் துவள வைக்கும். ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு முட்டி விழித்து, பகலெல்லாம் தூங்கி வழிகிறவருக்கும் இன்ட்ரஸ்ட் இருக்காது. எப்படி இருக்கும்? தூங்கினால்தானே!

3. ‘சந்தோஷம் இல்லை’ என்கிற இன்ட்ரஸ்ட் இல்லை

‘‘பேத்தி பிறந்திருக்கா. எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ளே ஒண்ணுமே தோணலை...’’

இதைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தெம்பு இல்லாமல் போவது வேறு. இங்கே சந்தோஷப்படுகிற சக்தியே வற்றிப் போயிருக்கிறது. டாக்டர்கள் இதற்கு ‘அன்ஹெடோனியா’ என்று பெயர் சொல்வார்கள். தியோடுல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியல் அறிஞர் 1896-ல் உண்டாக்கிய வார்த்தை அது.

மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன், என்றதும் நமக்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து அழும் உருவம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் இந்த நோய் வரலாம். இந்த நோயைத் தீர்மானிக்க டாக்டர்கள் ஒன்பது அறிகுறிகள் பார்க்கிறார்கள். அதில் இரண்டு தலையானவை. ஒன்று, சோகம். இன்னொன்று, ஆர்வமும் சந்தோஷமும் போய்விடுவது. இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதாவது சோகமே இல்லாமல் ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்பது மட்டும் இருந்தாலும், மற்ற அறிகுறிகள் சேர்ந்தால் அது டிப்ரஷன்தான்!

மற்ற அறிகுறிகள் எவை? தூக்கம் கெடுவது அல்லது அதிகமாவது, பசியும் எடையும் மாறுவது, அசதி, எதிலும் மனசு நிலைக்காதது, நடை பேச்சு மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, ‘எல்லாம் என்னாலதான்’ என்ற குற்ற உணர்ச்சி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு. இப்படி மொத்தத்தில் ஐந்து அறிகுறிகளாவது, இரண்டு வாரம் தொடர்ந்து, அநேகமாக எல்லா நாளும் இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

2015-16-ல் பெங்களூர் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு டிப்ரஷன் பாதிப்பு உண்டு என்று சொன்னது. உங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

4. ‘ஆசையே எழலை’ என்கிற இன்ட்ரஸ்ட் இல்லை

இது கொஞ்சம் விசித்திரம். ‘‘கல்யாணத்துக்கு வாங்க’’ என்றால் ‘‘வேண்டாம்’’ என்பார். வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனால் சொந்தக்காரர்களோடு நன்றாகவே பேசிச் சிரிப்பார். அடுத்த தடவை கூப்பிட்டால்? பழையபடி ‘‘வேண்டாம்!’’

‘நடிக்கிறாரா?’ என்று வீட்டில் சந்தேகம் வரும். இல்லை. மூளையில் ஒன்றை ‘வேண்டும்’ என்று தேடவைக்கிற அமைப்பும், கிடைத்ததும் ‘ருசி’ காட்டுகிற அமைப்பும் வேறு வேறு! அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜும் அவரது கூட்டாளிகளும் 1989-ல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். மூளையில் ‘டோபமின்’ என்ற ரசாயனம் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் அவை. அவை முன்னாலிருக்கும் தீனியைக்கூடத் தொடாது, பட்டினி கிடக்கும். ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால், மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ரசிக்கும். ருசி தெரிகிறது, தேடிப் போகத்தான் தோன்றவில்லை!

மனிதருக்கும் எலிக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. மனச்சோர்வில் இந்த இரண்டும் கலந்தும் வரும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘அவருக்கே ஆசை வரட்டும், அப்புறம் கூட்டிப் போகலாம்’ என்று காத்திருக்காதீர்கள். மெள்ளக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

5. ‘அக்கறை போச்சு’ என்கிற இன்ட்ரஸ்ட் இல்லை

இதில் வேடிக்கை, சம்பந்தப்பட்டவர் புகாரே சொல்லமாட்டார். வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்வார்கள். ‘‘அப்பா முன்னே ஹிந்து பேப்பரை வரி விடாமப் படிப்பார். இப்ப மடிச்சது மடிச்சபடி கிடக்கு. கேட்டா, ‘ம்... இருக்கட்டும்’கறார். வருத்தமாவும் தெரியலை.’’

டிப்ரஷன் வந்தவர் உள்ளுக்குள் வதைபடுவார். இவரோ வதைபடுவதாகத் தெரியாது. அக்கறையே மழுங்கிப்போயிருக்கும். வயதானவர்களிடம் இந்த மாற்றம் வந்தால் ‘வயசு’ என்று தள்ளிவிடக் கூடாது. அல்ஸைமர் என்ற மறதி நோயிலும், பார்க்கின்சன் என்ற நடுக்க நோயிலும், பக்கவாதத்துக்குப் பிறகும் இது வரலாம். சில சமயம் மறதி பெரிதாகத் தெரிவதற்கு முன்பே இது தலைகாட்டும்.

அதற்காக எடுத்த எடுப்பில் பயந்துவிடவும் வேண்டாம். முதலில் இரண்டு சாதாரண விஷயங்களைப் பாருங்கள். கண்ணில் புரையா? காது மந்தமா? பேப்பர் எழுத்து தெரியாதவர் பேப்பரை மடித்து வைக்கத்தான் செய்வார். பேசுவது காதில் விழாதவர் பேச்சிலிருந்து ஒதுங்கத்தான் செய்வார். ‘‘கேட்கலை, இன்னொரு தடவை சொல்லு’’ என்று பத்துத் தடவை கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, ‘‘எனக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லைம்மா’’ என்று கௌரவமாகச் சொல்லிவிடும் தாத்தாக்கள் ஏராளம்! ஒரு புரை ஆபரேஷனும் ஒரு காது மெஷினும் அவர்களைப் பழைய ஆளாக்கிவிடும்.

வெளியே சொல்லத் தயங்கும் இரண்டு

பிரசவமாகி வந்த பெண் ‘‘குழந்தையைப் பார்த்தா ஒண்ணும் தோணமாட்டேங்குது’’ என்றால், ‘‘இப்படியும் ஒரு தாயா?’’ என்று பாட்டிமார் சீறுவார்கள். தயவுசெய்து வேண்டாம்! பிரசவமான சில நாட்களில் அழுகையும் படபடப்பும் வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடுவது சகஜம். அதைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. குணப்படுத்தக்கூடிய நோய். அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ராத்திரியில் நாலு மணி நேரத் தொடர்ந்த தூக்கமும், திட்டாத ஒரு துணையும், ஒரு டாக்டரும்.

இரண்டாவது, ‘‘அந்த விஷயத்துல இன்ட்ரஸ்ட் இல்லை’’ என்று கணவனோ மனைவியோ நகர்ந்துபோவது. உடனே ‘வேறு யாரோ இருக்காங்களோ’ என்று கற்பனைக் குதிரையைத் தட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு, மாதவிலக்கு நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றம், மனச்சோர்வு, குடிப்பழக்கம் என்று காரணங்கள் பல. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும்கூடத் தாம்பத்ய ஆசையைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் கூச்சப்படாமல் சொன்னால் மாற்றித் தருவார்.

ஓவர் இன்ட்ரஸ்டும் ஆபத்து!

குறைந்தால்தான் பிரச்னை, கூடினால் நல்லதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை!

உற்சாகத்துக்கு இங்கிலீஷில் இன்னொரு வார்த்தை உண்டு. என்தூசியாசம். கிரேக்க வேர்ச் சொல்லுக்கு ‘உள்ளே தெய்வம் புகுந்த நிலை’ என்று பொருள். நம் ஊரில் ‘சாமி வந்துடுச்சு’ என்பார்களே, அதே! 17, 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை ‘என்தூசியாஸ்ட்’ என்றால் அது பாராட்டு இல்லை, வசவு. ‘கடவுள் என்னிடம்தான் நேரடியாகப் பேசுகிறார்’ என்று நிதானமிழந்து திரிபவர் என்று அர்த்தம். பிற்பாடுதான் அது நல்ல வார்த்தையானது.

அந்தப் பழைய அர்த்தத்தை மறக்காமலிருப்பது நல்லது. சாதுவாக இருந்த ஒருவர் திடீரென்று ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசி, ஒரே நேரத்தில் நாலு பிசினஸ் ஆரம்பிக்கக் கடன் வாங்கி, கண்ட பொருளையெல்லாம் வாங்கிக் குவித்தால்... ‘ஆஹா, என்ன இன்ட்ரஸ்ட்!’ என்று மெச்சாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது ‘மேனியா’ என்கிற எழுச்சி நோயாக இருக்கலாம். சிலருக்கு இந்த எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும். சோர்வுக்கு மருந்து வாங்கப் போகும்போது, ‘‘முன்னே இப்படி ஆட்டம் போட்டதும் உண்டு டாக்டர்’’ என்று மறக்காமல் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையே மாறிவிடும்.

இன்ட்ரஸ்ட் வந்தால் செய்யலாமா, செய்தால் இன்ட்ரஸ்ட் வருமா?

திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’ ஓர் அதிகாரம். அதற்கு அடுத்ததே ‘மடியின்மை’. சோம்பலைக் கண்டிக்கிறவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். சரிதான். ஆனால் சோம்பேறி வேறு, சோர்வு நோய் வந்தவர் வேறு. சோம்பேறி வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு சினிமாவுக்குப் போவார். நோய் வந்தவருக்கு சினிமாவும் பிடிக்காது! வேலை செய்ய முடியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். அவரை நாமும் சேர்ந்து திட்டினால், ஏற்கெனவே விழுந்தவரை மிதிப்பது போலத்தான்.

சரி, என்னதான் செய்வது?

‘‘இன்ட்ரஸ்ட் வரட்டும், அப்புறம் செய்யறேன்’’ என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். மனச்சோர்வில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறது ஒரு சிகிச்சை முறை. முதலில் செயல், ஆர்வம் பின்னாலேயே வரும்! ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்று பெயர். செய்கையால் மனசைத் தட்டி எழுப்புவது.

இது நம் நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. கோவாவில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆறு முதல் எட்டு தடவை இந்த முறையிலான ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களோ, சைக்காலஜி படித்தவர்களோ அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஜனங்கள்! மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவிகிதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. மற்ற பிரிவில் 39 சதவிகிதம்தான். விக்ரம் படேல் குழுவினரின் இந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது.

வீட்டில் இதை எப்படித் தொடங்கலாம்?

* ரொம்பச் சின்னதாக ஆரம்பியுங்கள். வாசலை அடைக்கிற தேர்க்கோலம் வேண்டாம். ஐந்து புள்ளிக் கோலம் போதும். அதுவும் முடியாவிட்டால், வாசலில் தண்ணீர் தெளித்தாலே அன்றைக்கு வெற்றி!

* ‘நேரம் கிடைச்சா’ என்று விடாதீர்கள். ‘காலை ஆறரைக்கு, தெருமுனை வரை நடை’ என்று மணியும் இடமும் சொல்லி முடிவு செய்யுங்கள்.

* மனசு எப்படி இருந்தாலும் அதைச் செய்யுங்கள். செய்து முடித்ததும், ‘செய்வதற்கு முன்னே எப்படி இருந்தது, இப்போ எப்படி இருக்கு?’ என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு துளி வித்தியாசம் தெரிந்தாலும் அதுதான் விதை.

* முன்பு பிடித்திருந்த பத்து விஷயங்களைப் பட்டியல் போடுங்கள். கோயில், தோட்டம், பழைய பாட்டு, தங்கச்சிக்கு போன்... வாரத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* தனியாக விடாதீர்கள். ‘‘நீங்க போய்ட்டு வாங்க’’ என்பதைவிட ‘‘வாங்க, நானும் வர்றேன்’’ என்பதற்கு பலன் அதிகம்.

லேசான சோர்வுக்கு இது கை கொடுக்கும். நோய் கடுமையாக இருந்தால் டாக்டரின் மருந்தும் வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கலாம். ‘‘நாலு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலை’’ என்று நிறுத்துவதும் தப்பு. ‘‘நல்லாயிட்டேன்’’ என்று திடீரென நிறுத்துவதும் தப்பு.

இங்கிலீஷில் சரியாகச் சொல்வோமா?

இத்தனை பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

இன்டர்வியூவில் ‘‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்’’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. அதற்கு அர்த்தம், ‘நான் ரொம்ப சுவாரஸ்யமான ஆளாக்கும்!’ ஆர்வம் நமக்கு இருந்தால் ‘இன்ட்ரஸ்டட்’. ஆர்வத்தைக் கிளப்புகிற பொருள் ‘இன்ட்ரஸ்டிங்’. புத்தகம் இன்ட்ரஸ்டிங், படிக்கிற நான் இன்ட்ரஸ்டட். எதில் ஆர்வம் என்று சொல்லும்போது கூடவே ‘இன்’ சேர்க்க வேண்டும். ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’.

ஆர்வமில்லாதவர் ‘அன்இன்ட்ரஸ்டட்’. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பது வேறு. அதில் வட்டி அர்த்தத்தின் வாசனை இருக்கிறது. தனக்கு லாப நஷ்டம் எதுவுமில்லாத, பாரபட்சமில்லாத ஆள். வழக்கை விசாரிக்கிற ஜட்ஜ் டிஸ்இன்ட்ரஸ்டடாக இருக்க வேண்டும். ஆனால் அன்இன்ட்ரஸ்டடாக இருந்து தூங்கிவிடக் கூடாது! வெள்ளைக்காரர்களே பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் நாம் ரொம்ப வெட்கப்பட வேண்டியதில்லை.

உடனே கவனிக்க வேண்டியவை

* ‘‘நான் இருந்து என்ன பிரயோசனம்’’, ‘‘நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி’’ என்று பேசுவது

* ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது

* சாப்பாடு, தண்ணீரையே ஒதுக்குவது

* பெற்ற குழந்தைக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று தாய் பயப்படுவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆளைத் தனியாக விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால் மனசிலிருப்பதைக் கொட்டிவிட ஒரு வழி கிடைக்கும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அவசரம் என்றால் 108.

இனி உங்கள் வீட்டில் யாராவது ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று சொன்னால், ‘‘சோம்பேறி!’’ என்று முத்திரை குத்துவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள்.

‘‘எதுல இன்ட்ரஸ்ட் இல்லை? எப்போதிலேர்ந்து?’’

‘‘கணக்குல மட்டும்... சின்ன வயசிலேர்ந்தே’’ என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு எழுந்துவிடலாம். ‘‘எல்லாத்துலயும்... ரெண்டு மூணு வாரமா’’ என்று வந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்!